எல்லா வாத்தியங்களும்: ஒருவன்

அம்மா அந்தக் கசெற்றை முதன்முதலாகக் கேட்டது 1993 இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எனக்கு 15 வயது. கசெற் றேடியோவிலிருந்து ஹெட்போன் வயர் கழன்றதை நான் கவனிக்கவில்லை. சத்தம் குசினி வரைக்கும் போய்விட்டது. அம்மா அகப்பையோடு வந்து அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு சொன்னா:

"ஆற்றை செத்த வீடு உது?"

நான் றேடியோவை நிற்பாட்டினேன். பதில் சொல்லவில்லை. அது என் வகுப்பில் படித்த ஒரு பெடியன் தன் வீட்டு நிலவறையில் தனியே இருந்து பதிவு செய்த டெமோ. நான்கு பாட்டுகள், 19 நிமிடங்கள், மொத்தம் 20 பிரதிகள். ஒரு காட்டின் படம் போட்ட போட்டோகொப்பி அட்டை. மரவேர்களைப் பின்னி வைத்ததுபோல எழுதிய, யாராலும் வாசிக்க முடியாத பெயர். உள்பக்கத்தில் ஒரேயொரு வரி மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. எல்லா வாத்தியங்களும், எல்லாக் குரல்களும், எல்லா வரிகளும் என்று போட்டு, பக்கத்தில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது பொய் என்று விளங்க எனக்கு 25 வருடங்களுக்கு மேல் எடுத்தது.

*

இந்த இசையைக் கேட்டிராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிளாக் மெற்றலில் கிற்றார் தந்தியை மிக வேகமாக மேலும் கீழுமாகச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். தனித்தனி சுரங்கள் கேட்காது. குளவிக் கூட்டின் இரைச்சல் போல ஒரு சுவர் எழும்பி நிற்கும். டிறம்ஸ் அந்தச் சுவரின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். சொற்கள் விளங்காது, விளங்கவேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆனால் பொறுமையாக உள்ளே இருந்தால் அந்த இரைச்சலுக்குள் ஒரு மெட்டு ஓடுவது கேட்கும். எளிமையான, மிகவும் துயரமான மெட்டு. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதைவிட்டுப் போவது கஷ்டம்.

நாங்கள் இருந்த பேர்கன் நகரம் இந்த இசையின் ஊர்களில் ஒன்று. அப்பா 1986 இல் நாட்டுப்புற உயர்பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து நோர்வேக்கு வந்தவர். அந்தக் காலத்தில் நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரைப் போலப் பிறகு ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1989 இல் அம்மாவும் நானும் வந்தபின் மூவரும் பேர்கனுக்கு மாறினோம். 1992 ஜூன் 6 ஆம் திகதி விடியப்புறம் ஃபான்தொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தபோது எனக்கு 14 வயது. 12 ஆம் நூற்றாண்டில் ஃபோர்துன் என்ற இடத்தில் கட்டி, 1883 இல் கழற்றி பேர்கனுக்குக் கொண்டுவந்து பூட்டிய தேவாலயம் அது. ஒரே காலையில் கரியாகிப் போனது. எரித்தது சாத்தானை வழிபடுகிற இளைஞர்கள் என்று பேப்பர்கள் எழுதின. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சையும் கோயில் எரிக்கிறாங்களோ?" என்று மட்டும் கேட்டா. யாழ்ப்பாணத்தில் கோயில்களில் குண்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவ அவ.

அடுத்த வருடம் எரிந்த ஃபான்தொஃப்ட் தேவாலயத்தின் படத்தையே அட்டையாகப் போட்டு ஒரு இசைத்தட்டு வந்தது. அதன் பெயர் 'ஆஸ்கெ'. நோர்வேஜிய மொழியில் சாம்பல் என்று பொருள். அதை வெளியிட்ட 'புர்சும்' என்பது வார்க் விகெர்னஸ் என்ற பேர்கன் இளைஞருடைய இசைக்குழு. குழு என்று சொன்னாலும் கிட்டத்தட்ட எல்லாமே அவர் ஒருவர்தான். 1993 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அவர் ஒஸ்லோவுக்குப் போய், 'மேய்ஹெம்' குழுவின் கிற்றார்க்காரரான ஒய்ஸ்டைன் ஓர்செத்தைக் குத்திக் கொன்றார். அந்தக் கொலைக்கும் சில தேவாலயங்களை எரித்ததற்கும் 1994 இல் அவருக்கு 21 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் கொலைக்கு முந்திய வருடம், 1992 ஓகஸ்டில், லில்லெஹாமரில் 'எம்பரர்' என்ற இன்னொரு குழுவின் டிறம்ஸ்காரர் தன்பாலீர்ப்புள்ள ஒரு மனிதரைக் குத்திக் கொன்றிருந்தார்.

இவ்வளவும் பேப்பரில் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் என் வகுப்புப் பெடியன் தன் டெமோவைப் பதிவு செய்தான். அவன் யாரையும் குத்தவுமில்லை, எதையும் எரிக்கவுமில்லை. நல்ல பெடியன். கணக்குப் பாடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை. அவனுக்கு அந்தக் கொலையைவிட அந்தத் தனிமைதான் பிடித்திருந்தது. ஒருவன் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு உலகத்தையும் தானே செய்துவிட்டு வெளியே வரலாம் என்ற எண்ணம். அது எனக்கும் பிடித்திருந்தது.

*

அந்த அறைக்குள் அவன் எப்படிப் போனான் என்று சொல்கிறேன்.

நோர்வேயில் பிள்ளைகளுக்கு 15 வயதாகும் வருடத்தில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடக்கும். அன்று சொந்தக்காரர் எல்லோரும் காசு கொடுப்பார்கள். பிள்ளைகள் அந்தக் காசில் சைக்கிள் வாங்குவார்கள், கிற்றார் வாங்குவார்கள். தேவாலயத்தை எரிக்கிறவர்களின் இசையைப் போல இசை செய்ய ஆசைப்பட்ட அந்தப் பெடியன், அதே தேவாலயத்தில் வெள்ளை அங்கி போட்டு நின்று காசு சேர்த்து, அந்தக் காசில் நாலு தடப் பதிவுக்கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினான். அவனுக்கே அது பகிடியாகத்தான் இருந்தது.

சாதாரணக் கசெற் நாடாவில் நாலு தடங்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் இரண்டு. 1979 இல் ரஸ்காம் கொம்பனி கொண்டுவந்த 'போர்ட்டாஸ்ரூடியோ' என்ற கருவி அந்த நாலு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. ஒன்றில் டிறம்ஸை அடித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் கிற்றாரை வாசிக்கலாம். மூன்றாவதில் இன்னொரு கிற்றார். நாலாவதில் குரல். தடம் போதாவிட்டால் மூன்றைச் சேர்த்து நாலாவதில் இறக்கிவிட்டு, அந்த மூன்றையும் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் ஒரு படி கூடும். பிறகு அதிலிருந்து சாதாரணக் கசெற்றுக்குப் பிரதி எடுக்கவேண்டும், அங்கே இன்னும் ஒரு படி. பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் இன்னும் ஒன்று. நிலவறை டெமோக்களின் அந்த மழை பெய்கிற சத்தம் இப்படித்தான் வந்தது. ஸ்ரூடியோ எடுக்கக் காசில்லாதவனுக்கு ஒரு குழு முழுவதையும் கொடுத்த கருவி அது.

15 வயதில் அந்தப் பெடியனுக்கு நடந்தது அது. எனக்கு 13 வயதில் சாமத்திய வீடு நடந்தது. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ஒஸ்லோவிலிருந்தும் ஸ்ரவாங்கரிலிருந்தும் சனம் வந்தது. மூன்று சேலை மாற்றினார்கள், வீடியோ எடுத்தார்கள். எனக்கும் சொந்தக்காரர் காசு கொடுத்தார்கள். அது மண்டப வாடகைக்கும் ஒரு சோடிக் காப்புக்கும் போனது. காப்பு வங்கிப் பெட்டகத்துக்குப் போனது. அடுத்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது: அறைக் கதவைச் சாத்தக்கூடாது.

கிட்டத்தட்ட அதே வயதில், அதே ஊரில், இரண்டு பிள்ளைகளைப் பெரியவர்களாக்கினார்கள். ஒருவனுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள உரிமை கிடைத்தது. மற்றவளுக்கு இருந்த கதவும் போனது. அம்மாவையும் அப்பாவையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பயந்திருந்தார்கள். ஆனால் பயத்தின் விலையை யார் கட்டினார்கள் என்று எழுதி வைக்கத்தான் வேண்டும்.

*

அந்த 20 அட்டைகளையும் போட்டோகொப்பி எடுத்தது நான்.

அம்மா அப்போது ஒரு அலுவலகத்தில் பின்னேரத் துப்பரவு வேலை செய்தா. வாரத்தில் இரண்டு நாள் நானும் கூடப் போவேன். குப்பைக்கூடைகளை வெறுமையாக்குவது என் வேலை, நிலம் துடைப்பது அம்மாவின் வேலை. பெடியன் காட்டின் படத்தைக் கொண்டுவந்து, கடையில் கொப்பி எடுத்தால் சாம்பல் நிறமாக வருகிறது, கறுப்பு வரவில்லை என்று சலித்துக்கொண்டான். நான் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா கடைசி அறையில் வக்கூம் கிளீனரை இழுத்துக்கொண்டிருந்த நேரம், மெசினில் கறுப்பைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கொப்பியைத் திரும்பக் கொப்பி எடுத்தேன். மூன்றாவது முறையில் மரங்களுக்கு இடையில் இருந்த வெளிச்சம் எல்லாம் செத்துப்போய்க் காடு ஒரே கறுப்பானது. கிளைகளின் நுனி மட்டும் வெள்ளையாக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கும் பிடித்துக்கொண்டது.

எல்லா வாத்தியங்களும், எல்லாக் குரல்களும் என்ற அந்த வரியையும் நான்தான் 20 தரம் கொப்பி எடுத்தேன். என் பெயர் அதில் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. போட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

கூலியாக அவன் எனக்கு ஒரு பிரதி தந்தான். அதை நான் இரண்டு வருடம் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த வயதில் நான் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். நகரசபைக் கடிதம், வைத்தியரின் கேள்வி, வங்கியின் படிவம் எல்லாவற்றையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டும். வீட்டில் நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நன்றாக நோர்வேஜிய மொழி கதைக்கிற பிள்ளை. எல்லாருக்கும் விளங்கக்கூடியவளாக இருப்பதே என் தொழிலாக இருந்தது. அந்தக் கசெற்றில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு குரல் ஒருவருக்கும் விளங்காமல் கத்தியது, விளங்காததற்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை. மழைக்குள் பஸ்ஸில் போகும்போது வோக்மனில் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோடு சாய்ந்து இருப்பேன். பார்க்கிறவர்களுக்கு அமைதியான ஒரு தமிழ்ப் பிள்ளை.

1994 இல் நகரத்து இசைத்தட்டுக் கடையில் 'டார்க்த்ரோன்' குழுவின் 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' என்ற தட்டைக் கையில் எடுத்தேன். அதுவும் கிட்டத்தட்ட ஒரு தனியாள் வேலை. வாத்தியங்கள் எல்லாவற்றையும் ஃபென்ரிஸ் என்ற ஒருவரே வீட்டில் வைத்து நாலு தடக் கருவியில் பதிவு செய்திருந்தார், குரல் மட்டும் மற்றவருடையது. அவ்வளவு கேள்விப்பட்டிருந்தேன், கைச்செலவுக் காசையும் சேர்த்து வைத்திருந்தேன். தட்டைத் திருப்பினேன். பின்னட்டையில் 'நோர்வேஜிய ஆரிய பிளாக் மெற்றல்' என்று அச்சிட்டிருந்தது.

ஆரியர் என்ற சொல்லை நான் அதற்கு முதல் அப்பாவின் வாயில்தான் கேட்டிருக்கிறேன். தாங்கள் ஆரியர், நீங்கள் வேறு என்று சொல்லித்தான் எங்கள் நாட்டில் எத்தனையோ மேடைகள் ஏறின. அந்த நாட்டை விட்டு ஓடிவந்து, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில், எனக்கு மிகவும் பிடித்த இசையின் முதுகிலும் அதே சொல்தான் இருந்தது. நான் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் பெடியனுடைய கசெற்றைத்தான் போட்டுக் கேட்டேன். இதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. என்னை வேண்டாம் என்று சொன்ன ஆட்கள் செய்த சத்தத்துக்குள்தான் எனக்கு மூச்சுவிட இடம் இருந்தது. இந்த முரண் இன்னும் தீரவில்லை.

*

அந்தக் காலத்தில் என் மேசை லாச்சியில் இன்னொரு கசெற்றும் இருந்தது. அம்மம்மா அனுப்பியது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டது. பாட்டுக் கசெற்றும் அப்படித்தான் போட்டுக் கேட்டார்கள். ஒருவர் மிதிக்கவேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். மிதிக்கிற வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும்.

அம்மம்மா தன் குரலை அப்படித்தான் பதிவு செய்து, கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் கொடுத்து எங்களுக்கு அனுப்பினா. அதில் முதலில் கேட்பது அவவின் குரல் அல்ல. கிறீச், கிறீச் என்று எண்ணெய் காணாத ஒரு பெடல். பிறகு அம்மம்மா: "பிள்ளை, சின்னவள் மிதிக்கிறாள். அவளுக்குக் கால் நோகும். நான் கெதியாச் சொல்லி முடிக்கிறன்." சின்னவள் என்றது என் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி. பிறகு மாமரம் காய்த்தது, ஆடு குட்டி போட்டது, ஆர் ஆர் செத்தது என்று எல்லாம் சொல்லுவா. இடையில் குரல் தடித்து இழுபடும். "என்னடி, இளைச்சிட்டியோ? இரு, தண்ணி குடி" என்று சின்னம்மாவுக்குச் சொல்லுவா. பெடல் நிற்கும். நாடா மெல்ல மெல்ல நின்று ஒரு உறுமலாக முடியும். பிறகு திரும்பத் தொடங்கும்.

இரண்டு கசெற்றுகளும் ஒரே லாச்சியில் கிடந்தன. இரண்டிலும் இரைச்சல். ஒன்றில் அது விரும்பித் தேடிய இரைச்சல். விகெர்னஸ் தன் 'ஃபிலோசோஃபெம்' தட்டைப் பதிவு செய்தபோது, இருக்கிற மைக்குகளிலேயே மோசமானதைத் தரச்சொல்லிக் கேட்டதாகவும், ஒரு ஹெட்செற் மைக்கில் பாடியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கிற்றாருக்குச் சகோதரனின் வீட்டு ஸ்ரீரியோ அம்ப்ளிஃபயர். நல்லது இருக்கும்போது கெட்டதைத் தெரிவு செய்வதும் ஒரு வசதிதான். மற்றக் கசெற்றில் அது போரின் இரைச்சல். அம்மம்மாவுக்குத் தெரிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துச் சனம் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மாவும் நடந்தா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இழுப்பு வந்து செத்துப்போனா. எங்களுக்குச் செய்தி வர மூன்று கிழமை ஆனது. அப்பா போனை வைத்துவிட்டுச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டா. அரை மணித்தியாலம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. ஊரில் என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருப்பார்கள், ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். இங்கே கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள்.

நான் வெளியே நிலத்தில் இருந்தேன். இந்தச் சத்தத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அப்போது நினைத்தேன். இரைச்சலின் சுவர், அதற்குப் பின்னால் ஒரு குரல். இதைத்தான் நான் இரண்டு வருடமாகக் காசு கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

பிறகு படிப்பு, வேலை, கலியாணம், ஒரு மகள், கலியாண முறிவு. 2018 இல் வீடு மாறியபோது அந்த லாச்சிப் பொருட்கள் எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்தன. நாடா அறுந்துபோகும் முன் கணினியில் ஏற்றி வைப்போம் என்று நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டையும் கேட்டேன்.

பெடியனுடைய டெமோவில் இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்க முன் நாலைந்து விநாடி வெறுமை இருக்கிறது. முன்பெல்லாம் அதை நான் மௌனம் என்று நினைத்திருந்தேன். அது மௌனம் இல்லை. தலைக்கு மேலே மரப் பலகையில் காலடிகள். குசினியில் இங்கும் அங்குமாக நடக்கிற ஒருவருடைய காலடிகள். பிறகு ஒரு பாத்திரத்தை வைக்கிற சத்தம். பிறகு கிற்றார் தொடங்கிவிடும்.

அவனுடைய அம்மா. அந்த வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தவர், பகலில் நித்திரை கொள்ளவேண்டியவர். நிலவறையில் டிறம்ஸ் அடிக்கும் வீட்டில் அவர் எப்போது நித்திரை கொண்டார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் எழும்பி அவனுக்குச் சாப்பாடு செய்துகொண்டிருந்த சத்தம் 25 வருடமாக அந்த நாடாவில் இருந்திருக்கிறது.

அதைக் கேட்டபின் அந்த உள்பக்க வரியைத் திரும்ப வாசித்தேன். எல்லாம் ஒருவனே. அவன் பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே தெரிந்திருக்கும். அவனுடைய தனிமைக்கு வேலை செய்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது ஒழுங்காக நடந்திருக்கிறது. சாப்பாடு வந்தது, உடுப்புத் தோய்ந்தது, மின்சாரக் கட்டணம் கட்டுப்பட்டது, அட்டை கறுப்பாக வந்தது. எஞ்சிய நேரத்தில் அவன் தனியாக இருந்தான்.

அம்மம்மாவின் நாடாவைப் பிறகு போட்டேன். கிறீச், கிறீச். "சின்னவள் மிதிக்கிறாள். அவளுக்குக் கால் நோகும்."

வித்தியாசம் இதுதான். தனியாக ஒலிக்கிற எந்தக் குரலுக்கும் பின்னால் யாரோ ஒருவர் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்மம்மா அதை முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டா. மேதைகளின் தனிமையைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்த புத்தகங்கள் அதைச் சொல்லவில்லை.

*

தனியாக இருக்கிற ஆணுக்கு இந்த இசையில் ஒரு மரியாதை உண்டு. காடு, குளிர், துறவு. தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அமாலியே ப்ரூன் 2014 இல் 'மிர்குர்' என்ற பெயரில் தனியாளாக பிளாக் மெற்றல் செய்து வெளியிட்டார். முதலில் அது யார் என்று சொல்லப்படவில்லை. உண்மையில் இதைச் செய்தது ஒரு ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்ற சந்தேகம் எழுந்தது. கொலை மிரட்டல்கள் வந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு ஆண் தனியாகச் செய்தேன் என்றால் அவனுக்கு உதவிய பெண்களைத் தேடி யாரும் போவதில்லை. ஒரு பெண் தனியாகச் செய்தேன் என்றால் அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் இருந்தே தீரவேண்டும். இதை இசைக்கு வெளியிலும் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

2019 இல் பழைய நாலு தடக் கருவி ஒன்றை வாங்கினேன். எனக்கு 41 வயது. எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு, பனிச்சறுக்குத் தடிகளும் பழைய பெட்டிகளும் வைக்கிற இடம். அங்கே போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு டிறம்ஸ் தெரியாது, கிற்றாரும் அரைகுறை. நாலு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் மேலே என் மகளைப் பார்த்தது அம்மா. 25 வருடத் துப்பரவு வேலையில் இரண்டு தோளும் பழுதாகி, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாத அம்மா.

ஒரு பாட்டு, ஆறு நிமிடம். தொடக்கத்தில் அம்மம்மாவின் நாடாவிலிருந்து அந்தப் பெடல் சத்தத்தை எடுத்து வைத்தேன், தாளமாக. அதற்கு மேல் கிற்றார். குரல் பதிவு செய்ய வேண்டிய நாள் வந்தபோது கத்த முடியவில்லை. கீழ் வீடு, மேல் வீடு என்று நினைவு வந்தது. மூன்று தரம் நாடாவைச் சுற்றினேன். நாலாவது தரம் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே இப்போது கேட்டால் விளங்குதில்லை. ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை.

அம்மாவுக்கு ஹெட்போனைப் போட்டுக் கேட்கக் கொடுத்தேன். ஆறு நிமிடமும் இருந்து கேட்டா. பெடல் சத்தம் வந்த இடத்தில் முகம் மாறியது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "தொண்டை நோகேல்லையோ?" என்று கேட்டா.

"நொந்தது."

"அண்டைக்கு எனக்கும் நொந்தது" என்றா. எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு நான் எழுதி வைத்திருந்த உள்பக்க அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. வாத்தியங்கள், குரல் என்று என் பெயர் இருந்தது. பிள்ளையைப் பார்த்தது என்று அம்மாவின் பெயர் இருந்தது.

"என்ரை பேரை ஏன் போட்டனி?"

"நீங்கள்தானே பாத்தனீங்கள்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா.

"அப்ப தங்கச்சியின்ரை பேரையும் போடு. அவள்தானே மிதிச்சவள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெடல் சத்தத்தை அம்மம்மாவின் நாடா என்றுதான் நான் எழுதியிருந்தேன். அட்டையைத் திரும்ப எடுத்து எழுதினேன்.